வேளாண் திருவிழாவில் தன்னார்வலராக: சென்னையில் முதன்முறை வருவோருக்கு ஒரு வழிகாட்டி

வேளாண் திருவிழா ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்ற முன்வருகிறவர்களில் பலர் நுழைவாயிலிலோ மேடையருகிலோ நிறுத்தப்பட்டு, வருகிறவர்களுக்கு வழி சொல்லிவிட்டு, எந்த உழவரோடும் பேசாமலே வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்த வேலைகளும் நடந்தாக வேண்டியவைதான். இருந்தாலும், முதன்முறை வருகிறவர்கள் உழவர்களின் மேசைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என்னுடைய முதல் பரிந்துரை. இரவெல்லாம் பேருந்திலோ சரக்கு வண்டியிலோ பயணம் செய்து, விடியற்காலையில் மூட்டைகளோடு சென்னையில் வந்து இறங்கும் ஒருவருக்கு, நகரத்து வாடிக்கையாளர் என்ன கேட்பார், எப்படிக் கேட்பார் என்று தெரிந்த ஒரு துணை அருகில் இருந்தால், விற்பனையும் கூடும், பேச்சும் கூடும். உங்களுக்கோ, நாம் உண்ணும் அரிசி எந்த மண்ணில், எத்தனை நாளில், யார் கையால் விளைந்தது என்பதை விளைவித்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புக் கிடைக்கும். திருவிழாவைச் சுற்றிப் பார்க்கும் இன்பமும் அதற்குப் பிறகுதான் முழுமையாகிறது.

எந்த விழாவைத் தேர்ந்தெடுப்பது

சென்னையில் நடக்கும் வேளாண் நிகழ்வுகள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2023 ஜூலையில் தமிழ்நாடு அரசு நடத்திய வேளாண் வணிகத் திருவிழா போன்றவை மிகப் பெரியவை. அவற்றில் உழவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், அரசுத் துறைகள், கருவி விற்பனையாளர்கள், மொத்தக் கொள்முதல் செய்யும் வணிகர்கள் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடுவார்கள். செம்மொழிப் பூங்காவில் தோட்டக்கலைத் துறை நடத்தும் மலர்க் கண்காட்சி கண்ணுக்கு விருந்து; ஆனால் அங்கே உழவரோடு உட்கார்ந்து பேசும் வாய்ப்புக் குறைவு. தீவுத்திடல் சுற்றுலாப் பொருட்காட்சியில் அரசுத் துறைகளின் அரங்குகள் இருக்கும். அவை குடும்பத்தோடு ஒரு மாலைப் பொழுதில் பார்த்து வருவதற்கு ஏற்றவை.

இவை தவிர, இயற்கை வேளாண்மையில் ஈடுபாடு கொண்ட குழுக்கள் பள்ளி வளாகங்களிலும் திருமண மண்டபங்களிலும் நடத்தும் மரபு விதைத் திருவிழாக்கள் இருக்கின்றன. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், மரபு நெல் ரகங்களை மீட்டுப் பரப்பிய நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நடத்திய நெல் திருவிழாவில், ஓர் உழவருக்கு 2 கிலோ மரபு நெல் விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். ஆனால், விதை கைமாறிக்கொண்டே இருந்தால்தான் பிழைத்திருக்கும் என்ற அந்த எண்ணம் பல ஊர்களின் விதைத் திருவிழாக்களில் இன்றும் தொடர்கிறது. முதன்முறை வருகிறவர் இத்தகைய சிறிய விழாவில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கூட்டம் அளவாக இருக்கும். ஒருங்கிணைப்பாளரின் பெயரும் உழவரின் பெயரும் ஒரே நாளில் மனத்தில் பதிந்துவிடும்.

பெயர் கொடுப்பது

சிறிய விழாக்களுக்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்னதாகவே ஒருங்கிணைப்பாளர்களைத் தொடர்பு கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் அவர்களுக்கு நின்று பேசக்கூட நேரம் இருக்காது. அரசு நடத்தும் பெரிய விழாக்களில் தனி ஆளாகப் பெயர் கொடுப்பதைவிட, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம் வழியாகவோ, அரங்கு அமைக்கப்போகும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வழியாகவோ செல்வது எளிது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டியிருப்பதால், இந்தப் பணியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று தங்கள் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

பெயர் கொடுக்கும்போது “எந்த வேலையாக இருந்தாலும் செய்கிறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மூட்டை தூக்க முடியுமா, கணக்கு எழுத வருமா, தெலுங்கோ இந்தியோ பேசுவீர்களா, காலை ஐந்து மணிக்கு வர முடியுமா, மாலையில் கடைசி வரை இருக்க முடியுமா என்பவற்றைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். நாள் முழுவதும் இருக்க முடியாதவர்கள் தங்களால் முடிந்த நேரத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போகும் ஒருவருடைய வேலை, ஏற்கெனவே களைத்திருக்கும் இன்னொருவர் தலையில்தான் விழும்.

முந்தைய நாள்

பருத்தி உடை, கால் விரல்களை மூடிய செருப்பு அல்லது காலணி, தண்ணீர் பாட்டில், ஒரு சிறிய குறிப்பேடு, தடித்த எழுத்துப் பேனா, கத்தரிக்கோல், நூல்கண்டு ஆகியவை கட்டாயம் வேண்டும். பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் சில்லறை மாற்றி வைத்துக்கொண்டால், காலையின் முதல் ஒரு மணி நேரத்தில் உங்களைப் போல் பயன்படுகிறவர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். 2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை இருப்பதால், வீட்டில் இருக்கும் துணிப்பைகள் அனைத்தையும் மடித்து எடுத்துச் செல்லுங்கள். பை கொண்டுவர மறந்த வாடிக்கையாளர்கள் எப்போதும் இருப்பார்கள்.

நந்தம்பாக்கத்துக்கு ஆலந்தூர் மெட்ரோ நிலையம் வரை வந்து, அங்கிருந்து பூந்தமல்லிச் சாலை வழியே செல்லும் பேருந்திலோ ஆட்டோவிலோ போகலாம். விழா நாட்களில் கத்திப்பாராவைக் கடப்பதற்கே நேரம் பிடிக்கும் என்பதால் சொந்த வண்டியைத் தவிர்ப்பது நல்லது.

முந்தைய நாள் மாலை செய்ய வேண்டிய இன்னொரு வேலையும் உண்டு. எந்த உழவருக்குத் துணையாக நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டு, அவர் எந்த மாவட்டத்துக்காரர், என்னென்ன கொண்டுவருகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்டாவிலிருந்து நெல் கொண்டுவருகிறவரிடம் பேச வேண்டியது வேறு. ஈரோட்டிலிருந்து மஞ்சளும் இராமநாதபுரத்திலிருந்து முண்டு மிளகாயும் கொண்டுவருகிறவர்களிடம் பேச வேண்டியது வேறு. இந்த இரண்டு பொருள்களும், ஒரு பகுதிக்கே உரிய தனித்தன்மை கொண்ட பொருளுக்கு அளிக்கப்படும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் குறியீடு எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை ஒரு வரியில் சொல்லத் தெரிந்து வைத்திருந்தால் வாடிக்கையாளரிடம் சொல்லலாம்.

விடியற்காலை

உழவர் வந்து இறங்கியதும் மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால், முகம் கழுவ எங்கே போவது, தேநீர் எங்கே கிடைக்கும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் அவருக்குக் காட்டுங்கள். பெண் உழவர்கள் வந்திருந்தால் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை கிடைக்குமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் நீங்களே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்; அவர்கள் வாய்விட்டுக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். வயதில் மூத்தவரை “ஐயா” என்றும் “அம்மா” என்றும், உங்களைவிடச் சற்றே பெரியவரை “அண்ணா”, “அக்கா” என்றும் அழைத்துப் பேசுங்கள். பெயரைச் சொல்லி அழைப்பதும், “ஃபார்மர்” என்று பொதுவாகக் குறிப்பிடுவதும் கூடாது.

பிறகு மேசையை அடுக்குங்கள். மாதிரித் தானியங்களைச் சிறு தட்டுகளில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ரகத்தின் பெயர், ஊர், விளைந்த பருவம், ஒரு கிலோ விலை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நெற்கதிரோ முழுச் செடியோ கொண்டுவந்திருந்தால் அதை மேசையின் முன்பக்கத்தில் வையுங்கள். அரிசியை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கதிரைக் கண்டதும் நின்றுவிடுவார்கள்; பிள்ளைகள் நின்றால் பெற்றோரும் நிற்பார்கள். விலையை உழவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து மேசையில் என்ன விலை என்று அவருக்குத் தகவல் சொல்லலாமே தவிர, குறைக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

மேசையருகே நிற்கும்போது வரும் கேள்விகள்

தன்னார்வலரின் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. அடிக்கடி வரும் கேள்வி, “கடையில் கிடைக்கும் அரிசியைவிட இது ஏன் இவ்வளவு விலை?” என்பது. இதற்கு எரிச்சலில்லாமல், முழுமையாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மரபு நெல் ரகங்கள் பலவற்றில் ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சல் குறைவு. காட்டுயானம் போன்றவை ஆளுயரத்துக்கும் மேல் வளர்வதால் காற்றிலும் மழையிலும் சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. அது அறுவடைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆவதால் அந்த நிலத்தில் அவ்வளவு காலமும் வேறு பயிர் வைக்க முடியாது. சிறிய அளவில் அரைத்துக் கொடுக்கும் ஆலைகள் குறைவு. அதனால் அரைவைக் கூலியும் அதிகம். இவற்றை உழவரே தம் வார்த்தைகளில் சொல்லும்படி பேச்சைத் திருப்பிவிடுவது இன்னும் நல்லது. “ஐயா, இது எத்தனை நாள் பயிர்?” என்று நீங்கள் கேட்டால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அவருடைய வட்டார வழக்கு வாடிக்கையாளருக்குப் புரியாத இடத்தில் மட்டும் நீங்கள் குறுக்கிட்டு விளக்குங்கள்.

அடுத்தது சமையல் பற்றிய கேள்வி. வாங்கிச் சென்ற அரிசி சரியாக வேகவில்லை என்றால் அந்தக் குடும்பம் மறுபடி வாங்காது. எனவே சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கருப்புக் கவுனியை இரவே ஊறவைக்க வேண்டும். வெந்தபின் குழைந்து ஒட்டும் தன்மை உள்ளதால் பொங்கலுக்கும் இனிப்புக்கும் பொருந்தும். மாப்பிள்ளைச் சம்பா நன்றாக ஊறினால்தான் வேகும். சாதமாக உண்ணப் பழகாதவர்கள் கஞ்சியிலும் இட்லி தோசையிலும் தொடங்கலாம். தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் அன்றாடச் சாப்பாட்டுக்கு எளிதாகப் பழகும். சீரகச் சம்பா பிரியாணிக்கு ஏற்றது என்று எல்லோருக்குமே தெரியும். சிறுதானியத்தில் புதியவருக்குச் சாமையும் குதிரைவாலியும் ஏற்றவை, ஏனென்றால் அவை விரைவாக வெந்துவிடும்.

மருத்துவக் கேள்விகளில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். “இதைச் சாப்பிட்டால் சர்க்கரை குணமாகுமா?” என்று கேட்பார்கள். குணமாகும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பட்டை தீட்டாத அரிசியில் தவிடும் நார்ச்சத்தும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அதுவும் அரிசிதான், அளவும் மருத்துவர் ஆலோசனையும் தேவை என்று சொல்லுங்கள். ஒரு விற்பனைக்காக உண்மையை மிகைப்படுத்தினால் அதன் பழி கடைசியில் உழவர் மீதுதான் விழும்.

“வண்டு இருக்கிறதே?” என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. நச்சு மருந்து அடிக்காமல் சேமித்த அரிசியில் வண்டு வருவது இயல்பு என்றும், நிழலில் உலர்த்திப் புடைத்து, வேப்பிலையோ வசம்போ போட்டு வைக்கலாம் என்றும் எடுத்துச் சொல்லுங்கள். வெல்லம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டால், வெளிர் மஞ்சள் நிறம் வருவதற்காகச் சில இடங்களில் வேதிப்பொருள் சேர்க்கப்படுவதையும், அது சேர்க்காத வெல்லம் பழுப்பாகவே இருக்கும் என்பதையும் விளக்குங்கள். தேன் உறைந்திருந்தால் கலப்படம் என்று பொருளல்ல. உறைவது தேனின் இயல்பு.

“இது உண்மையிலேயே இயற்கை முறையில் விளைந்ததுதானா?” என்ற கேள்வி நியாயமானது, அதைக் கேட்பவரிடம் கோபப்படக் கூடாது. அரசின் அங்கக (இயற்கை வேளாண்மை) சான்றோ, உழவர் குழுவினர் ஒருவரையொருவர் சரிபார்த்து வழங்கும் பங்கேற்பு உத்தரவாத முறைச் சான்றோ உழவரிடம் இருந்தால் அதை மேசையில் கண்ணில் படும்படி வையுங்கள். சான்று இல்லையென்றால் இல்லை என்றே சொல்லி, சாகுபடி முறையை உழவரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள். பொட்டலம் கட்டிய உணவுப் பொருள்களில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதையும் காலையிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம்

வாடிக்கையாளர் செலுத்தும் பணம் உழவரின் கணக்குக்கே போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் கைப்பேசி எண்ணில் வாங்கி வைத்துப் பிறகு கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அரங்குகளுக்குள் இணையம் அடிக்கடி தடுமாறும். அப்போது பணம் வந்துவிட்டதை உழவரின் கைப்பேசியிலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு விற்பனையையும் குறிப்பேட்டில் எழுதி, மாலையில் கூட்டிக் கொடுங்கள். எந்த ரகம் எவ்வளவு போனது என்ற அந்தக் கணக்கு, அடுத்த முறை எதைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்ய அவருக்கு உதவும்.

பேரம் பேசுகிறவர்கள் இருப்பார்கள். உழவர் சங்கடப்பட்டுக்கொண்டு விலையைக் குறைக்க முனைந்தால், “அளவைக் குறைத்து வாங்கிப் பாருங்கள், பிடித்திருந்தால் அடுத்த முறை கூடுதலாக வாங்கலாம்” என்று நீங்கள் இடையில் சொல்லலாம். அது இருவருடைய மரியாதையையும் காப்பாற்றும்.

சுற்றிப் பார்ப்பது

பிற்பகலில் கூட்டம் சற்றுக் குறையும் நேரத்தில், உங்கள் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டு விழாவைச் சுற்றி வாருங்கள். முதலில் எதையும் வாங்காமல் ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் வாங்கலாம். பையில் சுமையை ஏற்றிக்கொண்டால் நின்று பேசும் பொறுமை போய்விடும்.

கால்நடைகள் வந்திருக்கும் விழா என்றால் அங்கேயே நிறைய நேரம் செலவிடுங்கள். காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர், ஆலாம்பாடி ஆகிய நம் மாட்டினங்கள் ஒவ்வொன்றும் தத்தம் மண்ணுக்கேற்ற உடலமைப்பு கொண்டவை. உம்பளச்சேரி டெல்டாவின் சேற்று வயலில் உழுவதற்கு ஏற்றது. பர்கூர் மலைமாடு சிவப்பில் வெள்ளைத் திட்டுகளோடு காடு மேய்ந்து வளர்வது. சென்னைச் சிவப்பு என்றே ஒரு செம்மறியாட்டினம் இந்த நகரத்தின் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது என்பதைப் பல சென்னைவாசிகள் அறியமாட்டார்கள். விலங்குகளுக்கு எதையும் ஊட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் கேளுங்கள். பிள்ளைகளை மாட்டின் பின்பக்கம் போக விடாதீர்கள்.

சொந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அரசு அரங்குகள் மிகவும் பயன்படும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் அளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்கள், ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு வந்தால் அலுவலரிடம் விவரமாகப் பேசலாம். உழவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் கைப்பேசிச் செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் அங்கேயே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்காக அந்தத் தகவலைச் சேகரித்துக் கொடுப்பதும் ஒரு நல்ல உதவி.

சென்னையில் எதற்கு வேளாண் விழா என்று யாராவது கேட்டால், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தொடக்கமே 1868இல் சைதாப்பேட்டையில் நிறுவப்பட்ட வேளாண் பள்ளிதான் என்று சொல்லுங்கள். அது 1906இல்தான் கோயம்புத்தூருக்குப் போனது.

விதை வாங்கும்போது

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு விழாவின் மிகப் பெரிய ஈர்ப்பு விதைகள்தான். ஆசைப்பட்டு எல்லா உறைகளையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். விதை எந்த மாதம் எடுக்கப்பட்டது, நாட்டு ரகமா, இரு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஒட்டு ரகமா, நேரடியாக விதைப்பதா நாற்று விட்டு நடுவதா என்ற மூன்றையும் கேட்டு, உறையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாட்டு ரகத்திலிருந்து மட்டுமே அடுத்த முறைக்கு நம்பிக்கையோடு விதை எடுக்க முடியும். வெண்டையை நேரடியாக ஊன்றலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்று விட்டு, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி நட வேண்டும். சிறுகீரையும் முளைக்கீரையும் ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடுவதால் புதியவருக்கு அவையே நல்ல தொடக்கம். ஆடிப்பட்டத்தில் தொடங்கினால், ஐப்பசி அடைமழை வருவதற்குள் செடிகள் வேர்பிடித்து நிற்கும். மழைக்காலத்தில் நாற்றுத் தட்டுகளை மூடி வைக்கவும், தொட்டிகளில் நீர் தேங்காமல் பார்க்கவும் வேண்டும். தைப்பட்டம் இன்னொரு நல்ல தருணம்.

கடைசி இரண்டு மணி நேரம்

மாலையில் தன்னார்வலர்கள் கலையத் தொடங்கும் நேரத்தில்தான் உழவருக்கு ஆள் அதிகம் தேவைப்படுகிறது. விற்காமல் மீந்த பொருளைத் திரும்ப ஏற்றிச் செல்ல வண்டிக் கூலி ஆகும். காய்கறி, பழம், கீரை போன்றவற்றை அருகிலுள்ள குடியிருப்புகளுக்கோ, உணவு சமைத்து வழங்கும் இல்லங்களுக்கோ நியாயமான விலையில் கொடுக்க முடியுமா என்று மதியமே கேட்டு வையுங்கள். தானியங்கள் மீந்தால், சக தன்னார்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வாங்கிக்கொள்ளலாம். இலவசமாகக் கேட்டு வாங்குவது கூடாது. மேசை, நாற்காலி, குப்பை ஆகியவற்றைச் சரிசெய்து, மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, உழவர் இரவுப் பயணத்துக்கு முன் சாப்பிட்டாரா என்பதையும் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

விழாவுக்குப் பிறகு

உழவரின் சம்மதத்தோடு அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கைந்து வீடுகளைச் சேர்த்து மூட்டையாக வரவழைக்க முயலுங்கள். தனித்தனியாக ஒரு கிலோ, இரண்டு கிலோ அனுப்புவதில் அவருக்குக் கிடைப்பது கூரியர் செலவுக்கே போய்விடும். 25 கிலோ மூட்டையாகப் பார்சல் வண்டியில் போட்டால் இருவருக்கும் கட்டுப்படியாகும். அறுவடை எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்ப முன்பணம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வாங்கிய விதையிலிருந்து விதை எடுக்கவும் பழகுங்கள். அவரை, தட்டைப்பயறு, தக்காளி ஆகியவற்றில் தன்மகரந்தச் சேர்க்கை மிகுதி என்பதால் ரகம் பெரும்பாலும் கலக்காது. முதலில் இவற்றில் தொடங்குங்கள். சுரை, பூசணி, பீர்க்கு ஆகியவை அருகிலுள்ள வேறு ரகங்களோடு எளிதில் கலந்துவிடும், எனவே அனுபவம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். நோயில்லாத நல்ல செடியில் சில காய்களைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காற்றுப் புகாத குப்பியில் வையுங்கள். அடுத்த விதைத் திருவிழாவின் பரிமாற்ற மேசையில் கொடுக்கும்போது உறையின் மேல் ரகத்தின் பெயர், விதை எடுத்த மாதம், எந்த உழவரிடமிருந்து முதலில் வாங்கியது, சென்னையில் எந்தப் பகுதியில் வளர்த்தது என்பவற்றை எழுதிக் கொடுங்கள்.